சேர்ந்து நோன்பிருப்போம், கணக்குப் பார்க்காமல்

கேள்வி:

பாப்பாரப்பட்டியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பங்கின் சிறு சமூகமான அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பாளர். எங்கள் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் குறைவு. ஆண்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில்தான் வீடு திரும்புகிறார்கள். கூட்டம் பெரும்பாலும் மூன்று நான்கு வீடுகளில்தான் நடக்கும். மற்ற வீடுகளில் இடம் போதாது.

போன தவக்காலத்தில் எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்வோம் என்று திட்டம் போட்டோம். நாற்பது நாளும் கவிச்சி கிடையாது, வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் ஒருசந்தி, தினமும் ராத்திரி ஜெபமாலை. முடித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் தங்கள் பெயருக்கு நேராக டிக் போட வேண்டும். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் கூட்டத்துக்கே வரவில்லை. சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி வெயிலில் மயக்கம் வந்து ஒருசந்தியை விட்டுவிட்டார். ஏன் டிக் இல்லை என்று யாரோ கேட்க, அவர் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார். சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியம்மா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆகிவிட்டது. குடியை விட்டுவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்ன ஒருவர், பத்து நாளில் மறுபடி குடித்துவிட்டு, வெட்கப்பட்டுக் கோயில் பக்கமே வருவதில்லை. உண்டியல் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் மனஸ்தாபம்.

என் நாத்தனார் வேறு சபைக்குப் போகிறவர். "தவக்காலமே பைபிளில் இல்லையே, அண்ணி" என்கிறார். இன்னொரு வீட்டில் கணவர் இந்து. தன் வீட்டில் கூட்டம் வைக்கலாமா என்று அந்தப் பெண் தயங்குகிறார்.

நோன்பை அந்தரங்கமாக இருக்கத்தானே ஆண்டவர் சொல்லியிருக்கிறார்? அவரவர் வீட்டில் அவரவர் இருந்துகொள்வதுதான் சரியா? சேர்ந்து செய்வதென்றால் எப்படிச் செய்வது?

— ஓர் அன்பியப் பொறுப்பாளர், பாப்பாரப்பட்டி

பதில்:

அன்புச் சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். திருநீற்றுப் புதன் திருப்பலியின் முதல் வாசகம் யோவேல் நூலின் இரண்டாம் அதிகாரம். அதில் இறைவாக்கினர் எக்காளம் ஊதச் சொல்லி ஊரையே கூட்டுகிறார். முதியவர்கள், சிறுவர்கள், பால்குடிக் குழந்தைகள், மணவறையில் இருக்கும் புதுமணத் தம்பதிகள் என ஒருவரையும் விடவில்லை. சில நிமிடங்கள் கழித்து நற்செய்தி வாசகம், மத்தேயு ஆறாம் அதிகாரம். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கவும், நோன்பு நாளில் முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் தடவிக்கொள்ளவும் ஆண்டவர் சொல்கிறார். அதைக் கேட்ட கையோடு வரிசையில் போய் எல்லோர் பார்க்க நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம்.

திருச்சபை இரண்டு வாசகங்களையும் ஒரே நாளில் வைத்திருப்பது தற்செயல் அல்ல. ஊரே கூடி மனம் திரும்ப வேண்டும். ஆனால் யார் எவ்வளவு பட்டினி கிடந்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வாட்ஸ்அப் பட்டியல் நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அது மத்தேயு ஆறாம் அதிகாரம் எச்சரிக்கும் இடத்திலேயே கொண்டுபோய் விட்டது. டிக் போட்டவருக்குப் பெருமை, போடாதவருக்கு அவமானம். இரண்டுமே தவக்காலத்துக்கு ஆகாதவை.

எனவே என் பதில்: சேர்ந்தே செய்யுங்கள், பட்டியலை அழித்துவிடுங்கள். ஜெபமும் தர்மமும் குழுவுக்குப் பொதுவாக இருக்கட்டும். வயிற்றை ஒறுப்பது மட்டும் அவரவருக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கட்டும். குழு பொதுவாக எதை முடிவு செய்தாலும், உங்களில் மிகவும் பலவீனமானவரால் முடிகிற அளவுக்கு முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் செய்ய முடிந்தவர் யாருக்கும் சொல்லாமல் செய்துகொள்வார்.

திருச்சபைச் சட்டம் உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்று தெரியாமலே பல அன்பியங்கள் அதைப்போல் பல மடங்கு சுமையை ஏற்றிவிடுகின்றன. கட்டாய ஒருசந்தி நாட்கள் வருடத்தில் இரண்டே இரண்டுதான்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது நிரம்பியவர்களுக்கு, 59 வயது நிரம்பும்வரைதான். புலால் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிரம்பியவர்களுக்கு, அந்த இரு நாட்களிலும் வெள்ளிக்கிழமைகளிலும். ஒருசந்தி என்பது முழுப்பட்டினி அல்ல. ஒரு வேளை வயிறாரச் சாப்பிடலாம், மற்ற வேளைகளில் ஊர் வழக்கப்படி கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் வெளியிட்ட ஆணையிலேயே இருக்கிறது. காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ், மதியம் வயிறார ஒரு களி உருண்டையும் கீரைக் குழம்பும், ராத்திரி கொஞ்சம் கஞ்சி. உங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் இதுவே சட்டப்படி நிறைவான ஒருசந்தி.

ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நாற்பதில் சேராது. திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. வாரம் முழுக்க பெங்களூரில் ஷெட்டில் ரசமும் சோறுமாகப் பொங்கித் தின்றவர் ஞாயிறு மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கோழிக் குழம்பு சாப்பிட்டால், அவர் தவக்காலத்தை மீறவில்லை. அவரைக் கேள்வி கேட்கும் உரிமை எந்த அன்பியத்துக்கும் கிடையாது. வெள்ளிக்கிழமையிலேயே பெருவிழா வந்தால் சுத்தபோசனக் கட்டாயம்கூட இல்லை. 2027-இல் புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19 வெள்ளிக்கிழமைதான்.

சித்தாள் வேலைக்குப் போகும் சகோதரியின் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மாசி பிறந்தாலே தருமபுரியில் வெயில் ஏறிவிடும். தலையில் சிமெண்டுச் சட்டியோடு ஏணி ஏறுகிறவரைக் காலிவயிற்றோடு ஏறச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. கடின உடலுழைப்பு செய்கிறவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் ஆகியோரைத் திருச்சபையின் நெடுநாள் வழக்கமே ஒருசந்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்தச் சகோதரி எதையும் மீறவில்லை. மீறியது குழு. இதை அவரிடம் நீங்கள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், போனில் வேண்டாம்.

இதே விஷயத்தில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு திருச்சபைப் பிளவுக்கே வழி பிறந்தது. 1522-ஆம் ஆண்டு தவக்காலத்தில், சூரிச் நகரத்து அச்சகக்காரர் ஃப்ரோஷவர் வீட்டில், வேலையில் களைத்திருந்தவர்கள் தொத்திறைச்சி சாப்பிட்டார்கள். பிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்காக இரவு பகலாக உழைக்கிறார்கள், வெறும் கஞ்சியில் உடம்பு தாங்காது என்பது அவர் சொன்ன நியாயம். நகர மன்றம் நடவடிக்கை எடுத்தது. அங்கே உடனிருந்தும் தான் சாப்பிடாத குரு சுவிங்லி, சில நாளில் உணவு விஷயத்தில் கிறிஸ்தவருக்குள்ள சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தம் அங்கிருந்துதான் சூடுபிடித்தது. நோன்பைத் தண்டனைச் சட்டமாக்கியதன் விலை அது. உங்கள் நாத்தனாரின் கேள்விக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது. எனவே அதை வம்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் சொல்வதில் உண்மையும் உண்டு. திருநீற்றுப் புதனில் தொடங்கி இத்தனை நாள் என்ற அட்டவணை விவிலியத்தில் இல்லை. நாற்பது நாள் நோன்பு இருக்கிறது: மோசே சீனாய் மலையில், எலியா ஓரேபு நோக்கிய பயணத்தில், ஆண்டவர் பாலைவனத்தில். அதை உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய ஆயத்தமாகத் திருச்சபை படிப்படியாக அமைத்துக்கொண்டது. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதி 'நாற்பது நாட்களை' எல்லோரும் அறிந்த ஒன்றாகவே குறிப்பிடுகிறது. அதற்கும் முன்னால், இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஆயர் இரனேயு உரோமை ஆயர் விக்டருக்கு எழுதிய கடிதத்தில், சிலர் ஒரு நாள் நோன்பிருக்கிறார்கள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கும் மேல் என்று சொல்லிவிட்டு, இப்படி வேறுபட்டும் அவர்கள் சமாதானமாகவே இருந்தார்கள் என்று நினைவூட்டுகிறார். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் இன்றும் லெந்து நாட்களை அனுசரிக்கிறார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் ஐம்பது நோன்பு இருக்கிறார்கள். உரோமையருக்கு எழுதிய மடலின் பதினான்காம் அதிகாரத்தை நாத்தனாரோடு உட்கார்ந்து வாசியுங்கள். சாப்பிடுகிறவர் சாப்பிடாதவரை இகழக் கூடாது, சாப்பிடாதவர் சாப்பிடுகிறவரைத் தீர்ப்பிடக் கூடாது என்பது அதன் பொருள். அது அவருக்கும் பொருந்தும், உங்கள் குழுவுக்கும் பொருந்தும். நற்செய்திப் பகிர்வுக்கு அவரையும் கூப்பிடுங்கள். அதற்கு அவர் மறுக்க ஒரு காரணமும் இல்லை.

இனி பெரியம்மா. இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும், நேரத்துக்குச் சாப்பாடு உள்ளே போகும் என்ற கணக்கில்தான் கொடுக்கப்படுகின்றன. மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைக் குழுவில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மருத்துவரைக் கேட்காமல் அவர் ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. அதே சமயம், பாவம் முடியாதவர் என்று அவரை ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் ஒளித்துப் பட்டினி கிடந்ததே அப்படி ஒதுக்கப்படுவோம் என்ற பயத்தில்தான் இருக்கும். அன்பியத்தின் ஒவ்வொரு வீட்டுக்காகவும், ஒவ்வொரு பெயரையும் சொல்லி, தினமும் ஜெபிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். யார் வீட்டில் என்ன பாடு என்று எல்லோரும் போய் அவரிடம் சொல்லட்டும்.

குடியை விடுகிறேன் என்று சொன்னவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் எனக்கு மனம் வலித்தது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கமும் தூக்கமின்மையும் வரும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். பத்து நாள் அவர் நிறுத்தியிருந்தது சாதாரண விஷயமே அல்ல. குழுவின் முன்னால் வாக்குக் கொடுக்க வைத்ததுதான் தவறு. விழுந்தபோது எழுந்திருக்க ஒரு கை இல்லாமல், பார்க்க ஒரு கூட்டம் மட்டும் இருந்தது. வயதில் மூத்த ஆண் ஒருவர், தனியாக, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகட்டும். பிரசங்கம் வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட வருகிறேன் என்று சொன்னால் போதும். மருத்துவ உதவியோடு நிறுத்துவதும் தவமுயற்சிதான். தவக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே போகலாம்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, பங்கு என்பது சிறு சமூகங்கள் சேர்ந்த சமூகமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. நம் ஊர்களில் அன்பியம் இவ்வளவு பரவியதில் அந்தச் சிந்தனைக்குப் பெரிய பங்கு உண்டு. சேலத்திலிருந்து பிரிந்து 1997-இல் தருமபுரி தனி மறைமாவட்டமானது. இரண்டு மாவட்டங்களில், வீடுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் இப்படிப்பட்ட மறைமாவட்டத்தில், கோயிலைவிட அதிகமாக விசுவாசத்தைத் தாங்குவது வீடுதான்.

தென் ஆப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவான 'ஏழு படி' நற்செய்திப் பகிர்வை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்வது, அமைதியாக இருப்பது, பகிர்வது, என்ன செய்யப் போகிறோம் என்று பேசுவது, ஜெபித்து முடிப்பது. நான் போய்ப் பார்த்த அன்பியங்கள் பெரும்பாலும் ஆறாவது படியைத் தாண்டிப் போய்விடுகின்றன. பகிர்வு முடிந்ததும் யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார், உடனே மன்றாட்டு, பிறகு டீ. தவக்காலத்தில் அந்த ஆறாவது படிக்கே பாதி நேரம் கொடுங்கள்.

உதாரணத்துக்கு, கிணற்றடியில் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட நற்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்ட மாவட்டம் உங்களுடையது. நல்ல தண்ணீர் வரும் நாளில் யார் வீட்டில் குடம் தூக்க ஆள் இல்லை? தெருவில் தனியாக இருக்கும் எந்தப் பாட்டி பக்கத்து போர்த் தண்ணீரையே குடித்துக் காலத்தை ஓட்டுகிறார்? இந்த வாரம் அவருக்கு இரண்டு குடம் யார் கொண்டுபோய் வைப்பது? பெயரோடு, நாளோடு முடிவு செய்யுங்கள். அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்குங்கள். அவ்வளவுதான் ஆறாவது படி. பாலைவனச் சோதனையும் உருமாற்றமும் எல்லா ஆண்டும் முதல் இரண்டு ஞாயிறுகளின் நற்செய்திகள். அவற்றுக்கும் இப்படி உங்கள் தெருவில் ஒரு வேலை இருக்கும்.

ஆண்களும் இருக்க வேண்டுமென்றால் ஞாயிறு சாயங்காலம்தான் வசதி. வெள்ளிக்கிழமைக்குச் சிலுவைப்பாதை. தவக்காலத்தில் பெரிய வெள்ளியோடு சேர்த்து ஏழு வெள்ளிகள். பதினான்கு நிலைகளில் வாரத்துக்கு இரண்டாக எடுத்தால் சரியாக முடியும். இரண்டு நிலைகளை நின்று நிதானமாகத் தியானிப்பது, பதினான்கையும் மூச்சுவிடாமல் ஓட்டுவதைவிட நல்லது. தினசரி ஜெபமாலைக்கு நேரமில்லை என்று யாரும் குற்ற உணர்வில் வாட வேண்டாம். மாசி, பங்குனி உங்கள் பக்கம் புளி சீசன். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்து, கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்களுக்குக் கை ஓயாது. நாலு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டே ஒருவர் தொடங்க மற்றவர்கள் முடித்துச் சொல்லும் ஜெபமாலைக்கு ஒரு குறையும் இல்லை. இப்படிச் சேர்ந்து ஜெபிப்பது புதிதுமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் உழைத்த கோவா நாட்டுக் குரு ஜாக்கோமே கொன்சால்வெஸ் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்க ஊர்கள் கூடி இராகம் போட்டுப் பாடின. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அதில் இடம் இருந்தது.

கூட்டம் மூன்று நான்கு வீடுகளில்தான் நடக்கிறது, மற்ற இடங்களில் இடம் போதாது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய வரி இதுதான். நேராகவே கேட்கிறேன்: உண்மையான காரணம் இடமா, சாதியா? உங்களுக்கு மனதுக்குள் பதில் தெரியும். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு முடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் அதற்காக அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். அது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்று சொல்லிவிட்டார்.

எனவே ஒரு யோசனை. தவக்காலத்து ஞாயிறுகளில் கூட்டம் முடிந்ததும் ஒரே பானையில் கேழ்வரகுக் கூழோ கஞ்சியோ சேர்ந்து குடியுங்கள். இதுவரை கூட்டம் நடக்காத வீடுகளில் மட்டும் அதை வையுங்கள். இடம் போதாவிட்டால் வாசலில் பாய் விரியுங்கள். மாவைப் பொதுவில் வாங்கிக் கொடுங்கள், அந்த வீட்டுக்குச் செலவு வைக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டு அடுப்பில், அந்த வீட்டுத் தண்ணீரில், அந்த வீட்டு அம்மா கிண்டியதாக இருக்க வேண்டும். அந்த வீட்டுத் தட்டு டம்ளரிலேயே எல்லோரும் குடிக்க வேண்டும். யாரும் கையோடு டம்ளர் கொண்டுவரக் கூடாது, வயிறு சரியில்லை என்று எழுந்து போகவும் கூடாது. நாற்பது நாள் புலாலை விடுவதைவிட இது சிலருக்குக் கடினமாக இருக்கும். இதைச் செய்ய முடியாத அன்பியம் இறைச்சியை விட்டு என்ன பயன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எசாயா 58-ஆம் அதிகாரத்தைத் திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியும் சனியும் கோயிலில் வாசிப்பார்கள். கடவுள் விரும்பும் நோன்பு எது என்று அங்கே தெளிவாகவே இருக்கிறது.

கணவர் இந்துவாக இருக்கும் வீட்டில் முதலில் அவரைக் கேளுங்கள், மனைவி வழியாக அல்ல, மரியாதையாக நேரிலேயே. மாலை போட்டவர்களையும் காப்புக் கட்டியவர்களையும் பார்த்து வளர்ந்தவருக்கு விரதம் என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. சம்மதித்தால் போங்கள். அவரை ஜெபம் சொல்ல வைக்காதீர்கள், மனம் மாற்றும் பேச்சும் வேண்டாம். தயங்கினால் விட்டுவிடுங்கள். அந்தப் பெண் மற்ற வீடுகளுக்கு வந்தாலே போதும்.

பணத்துக்கு மட்டும் கறாரான கணக்கு வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் ஹெர்மாஸ் என்பவர் எழுதிய 'மேய்ப்பர்' என்னும் நூல், நோன்பு நாளில் நீ சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டுக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ கொடு என்று வழி சொல்கிறது. இதைவிட எளிய திட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை வாங்காத மீன், குடிக்காத கடை டீ, இவற்றின் காசு உண்டியலில் விழட்டும். யாருக்கும் தொகை நிர்ணயிக்காதீர்கள். கூழ் மட்டுமே சாப்பிடும் வீட்டில் மிச்சம் பிடிக்க எதுவும் இருக்காது, அவர்களிடம் உண்டியலே நீட்ட வேண்டாம்.

யாருக்குக் கொடுப்பது என்பதை முதல் ரூபாய் விழும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் பணம் சேர்ந்த பிறகுதான். பாதியைப் பங்கு வழியாகக் காரித்தாஸ் இந்தியா நடத்தும் தவக்கால இயக்கத்துக்கு அனுப்பலாம், அது பசிக்கும் நோய்க்கும் எதிராக நாடு முழுக்க நடப்பது. மறுபாதி நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு, எந்த மதமானாலும். சிறையில் தொழுநோய் பிடித்து, ரயிலில் ஏறவும் தடை வந்து, கால்நடையாக ஊர் ஊராகப் பேசிய விடுதலைப் போராட்டத் தியாகி சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-இல் கண்மூடியது உங்கள் ஊரில்தான். நோயாளி என்று ஒதுக்கப்பட்டவர் இன்றும் எந்தத் தெருவிலும் இருப்பார். பணத்தோடு ஆளும் போக வேண்டும், போட்டோ வேண்டாம். இரண்டு பேர் பொறுப்பில் பணம் இருக்கட்டும். குருத்து ஞாயிறன்று எல்லோர் முன்னிலும் எண்ணி, கொடுத்த விவரத்தை உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த கூட்டத்தில் வாசித்துவிடுங்கள்.

கடைசியாகத் தேதி விஷயம். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் நகர்வதால் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4 வரை முன்னால் வரக்கூடும். ஓரியூரில் மறைசாட்சியான புனித அருளானந்தர் கொல்லப்பட்ட 1693 பிப்ரவரி 4 அப்படி வந்த ஒரு திருநீற்றுப் புதன்தான். 2027-இல் அது பிப்ரவரி 10. அதாவது பொங்கல் முடிந்து நான்கு வாரம்கூட இருக்காது. சாம்பலுக்குப் போன ஆண்டுக் குருத்தோலைகள் வேண்டும், அவை இப்போதும் உங்கள் வீடுகளில் சுரூபத்துக்குப் பின்னாலும் நிலைப்படியிலும் காய்ந்து கிடக்கும். ஓலை கேட்டு வாங்கும் சாக்கில் ஒரு வீடு விடாமல் போய் வாருங்கள், குழுவை விட்டுப் போனவர்கள் வீட்டுக்கு முதலில். எந்த ஞாயிறு யார் வீட்டில் கூழ் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொண்டு, ஓலைகளைப் பங்குக் கோயிலில் சேர்த்துவிடுங்கள்.